மூணாவது கட்டம்

"அந்தப் பேப்பர் கிடைச்சிடுச்சு தங்கச்சி" என்றார் பக்கிரி, போனில்.

எந்தப் பேப்பர் என்று கேட்க ஜெசிந்தா மேரிக்கு வாய் வரவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. அவள் கடை ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடிமேல் யாருடைய ஆதார் அட்டையோ மூடாமல் கிடந்தது.

"கேக்குதா? எண்பத்திரண்டு, நவம்பர் ரெண்டு."

"எங்கண்ணே கிடைச்சது?"

"எங்க வூட்டு இரும்புப் பொட்டியில. எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த பொட்டி. துணியெல்லாம் எடுத்துட்டுப் பாத்தா, அடியில விரிச்ச பேப்பருல நம்ம பங்காரு பம்பு புடிச்சினு நிக்கிறான். முதக் கட்டம்தான் தெரியுது. மத்தது மடிஞ்சி, துருவோட துருவா ஒட்டிக்கினு கீது. வெந்நீர்ல துணிய நனைச்சி ஒத்தி ஒத்தி எடுக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள போட்டோ புடிச்சி அனுப்பிடறேன்."

"எதுக்குண்ணே கஷ்டம்? அந்த நாள்து நம்ம சைட்ல இருக்குதே."

"கீது. ஆனா மூணாவது கட்டத்துல கோடு தடுமாறுது பாரு. ஸ்கேன் கோளாறா, மனுஷன் காய்ச்சல்ல வரைஞ்சாரா தெரியல. இதுல பளிச்சினு வந்துடும்."

"கிழிஞ்சிடப் போவுதுண்ணே. அப்பிடியே வுட்டுடுங்களேன்."

"நானா கிழிப்பேன்? நாப்பது வருஷம் சலூன் வெச்சிருந்தவன். இந்தக் கை கழுத்துமேல கத்தி புடிச்ச கை" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கடைக்கு வந்தவர் கவுண்ட்டரைத் தட்டினார். "இன்னாக்கா, ஆதார் வருமா வராதா?"

ஜெசிந்தா ஒரு காப்பி கேட்டவருக்கு ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் ஒரு மாலைப் பேப்பர் வந்துகொண்டிருந்தது. நாலே பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில் தினமும் மூணு கட்டமாக ஒரு படம் வரும். 'பஞ்சர் பங்காரு' என்று பெயர். பங்காரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். பொண்டாட்டி அஞ்சலை. அஞ்சலையின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமும் அவள் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தாள். கதவிடுக்கிலிருந்து ஒரு பலூன் வெளியே வரும், அதற்குள் அவள் பேசுவது இருக்கும். பங்காரு ஒன்று சொன்னால் அது ஒன்பது சொல்லும். வரைந்தவர் பாகூர் தேசிங்கு. பேப்பர் நின்று முப்பது வருஷம் ஆகிறது. ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை.

ஜெசிந்தாவின் அப்பா அந்த மூணு கட்டத்தைத் தினமும் வெட்டி, கஞ்சிப் பசை தடவி, நோட்டில் ஒட்டி வைத்தார். மொத்தம் பதினாலு நோட்டு. அப்பா போன பிறகு, பத்து வருஷத்துக்கு முன்னால், ஒதியம்பட்டு வீட்டில் இருந்தபடியே ஜெசிந்தா அதையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு வெப்சைட் வைத்தாள். முதலில் பார்த்தவர்கள் நாலு பேர். அதில் ஒருத்தர் அவள் புருஷன் அந்தோணிசாமி. இன்று பிரான்ஸிலிருந்துகூடப் பார்க்கிறார்கள். கரிக்கலாம்பாக்கத்துப் பக்கிரி ஒரு நாள்கூடத் தவறவிடுவதில்லை.

எல்லா நாளும் இருந்தது. ஒரே ஒரு கட்டம் மட்டும் இல்லை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். செத்துப்போன ஜோஸ்பின் அத்தையின் போட்டோவை அன்றைக்கு அஞ்சலி விளம்பரமாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். கல்லறைக்குப் போகும்போது அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய், சிலுவையில் மெழுகு வைத்து ஒட்டுவது வீட்டு வழக்கம். நாலாம் பக்கத்தில் அத்தை, அவள் முதுகுக்குப் பின்னால் பங்காருவின் மூணாவது கட்டம். தங்கச்சியா பங்காருவா என்று வந்தபோது அப்பா தங்கச்சியைத்தான் வெட்டினார். மழை வந்து இரண்டு பேரையும் கரைத்தது.

நோட்டில் ரெண்டு கட்டமும் ஒரு ஓட்டையும்தான் இருந்தன. முதல் கட்டத்தில் பங்காரு வீட்டு வாசலில் நிற்கிறான், கதவில் பூட்டுத் தொங்குகிறது. ரெண்டாவது கட்டத்தில் டீக்கடைக்காரர் கேட்கிறார்: "இன்னா பங்காரு, வூட்ல சத்தத்தையே காணோம்?"

மூணாவதில் என்ன இருந்திருக்கும்? ஜெசிந்தா பத்து நாள் யோசித்தாள். சின்ன வயதிலிருந்து பங்காருவைப் பார்த்துப் பார்த்து வரைந்த கை அது. கறுப்பு மைப் பேனாவை எடுத்தாள். பூட்டின கதவு முன்னால் பங்காரு கையில் ஒரு முழம் மல்லிகையோடு நிற்கிறான். "தப்பு எம்மேலதான் அஞ்சல. வந்துடு." டீத் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்தாள், பழுப்பு ஏறியது. ஸ்கேன் பண்ணிப் போட்டுவிட்டாள். நாலு பேர் பார்க்கிற சைட்டுக்கு ஓட்டை இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

அந்த நாலு பேரும் நாற்பது பேரிடம் காட்டினார்கள். பத்தொன்பது வருஷத்தில் பங்காரு மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான் என்று ஊரெல்லாம் அதையே அனுப்பிக்கொண்டது. கல்யாண நாளுக்கு அனுப்பினார்கள். பனியனில் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது தேசிங்குவின் மகன் அரிகரன் புத்தகமே போடுகிறான். போன வாரம் போன் பண்ணினான்.

"அக்கா, அட்டையில அந்த 'வந்துடு' படம்தான். அடுத்த திங்கக்கிழமை அட்டை பிரஸ்ஸுக்குப் போவுது. அம்மா வேற எதையும் ஒத்துக்கல."

"வேற நல்லதா எவ்வளவோ இருக்குதேப்பா."

"உங்களுக்குத் தெரியாதுக்கா. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில அம்மா கோச்சிக்கினு தாய் வூட்டுக்குப் போயிட்டாங்க. அப்பா அவங்க பேசறதையெல்லாம் அஞ்சலை வாயில போட்டுடுவாரு. காலையில இவங்க வூட்ல திட்டினா, ரெண்டாம் நாள் சாயங்காலம் தெருக்குழாயாண்ட பொம்பளைங்க அதச் சொல்லியே சிரிப்பாங்க. நாப்பது நாள் வரல. அங்க மாமா பேப்பரையே வூட்டுக்குள்ள வுடல. அப்புறம் அப்பா போய் நின்னாரு, இவங்க வந்துட்டாங்க, அவ்ளோதான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயில வரலன்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னால நான் உங்க சைட்ல இதக் காமிச்சேன். தேதியப் பாத்துட்டு அப்பிடியே உக்காந்துட்டாங்க. பேப்பர்ல கேட்டிருக்காரு, நான்தான் பாக்கலன்னாங்க. இப்ப பெருசு பண்ணி கண்ணாடி போட்டு அப்பா போட்டோ பக்கத்துல மாட்டியிருக்கோம்."

அதற்கு மேல்தான் இப்போது பக்கிரியின் போன்.

சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்த அந்தோணிசாமி தட்டைத் தள்ளிவைத்தார். "ரசத்துல ரெண்டு தடவ உப்பு. நேத்து ஒரு தடவகூட இல்ல. ரெண்டையும் கூட்டி வகுத்தா சரியா வரும்னு நெனைச்சியா?"

அவள் சொன்னாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, டீத் தண்ணீர் வரைக்கும் சொன்னாள். அவர் கை காய்கிற வரைக்கும் கேட்டார்.

"அப்போ அந்தப் பனியனு? எனக்கு வாங்கிக் குடுத்தியே?"

"அதுவும் நான் வரைஞ்சதுதான்."

"பங்குச் சாமியாருக்கு வேற ஒண்ணு குடுத்தேனேடி."

"இப்ப அதுவா முக்கியம்?"

"சரி, இன்னா பண்ணப் போற? சைட்டு உன்னுது. பக்கிரி அனுப்பறத நீ ஏத்தாம வுட்டா யாருக்குத் தெரியும்?"

"பக்கிரி அண்ணன் என்னை மட்டுமா நம்பியிருக்காரு? ஐந்நூறு பேருக்கு அனுப்புவாரு. புத்தகம் அச்சாகி வர அன்னிக்கு அந்தம்மா யாரோ சொல்லிக் கேக்கணுமா?"

"அப்ப போயி சொல்லு."

"சொன்னா அந்தக் கண்ணாடிப் படம்?"

அந்தோணிசாமி கையைக் கழுவிவிட்டு வந்து துடைக்காமல் நின்றார். "எனக்கு இன்னாடி தெரியும். நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்லவே வருஷத்துக்கு ஒருவாட்டி போறவன்."

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அவள் வில்லியனூரில் பாகூர் பஸ் ஏறினாள். மத்தியானத்துக்குள் போகவேண்டும், பக்கிரியின் போட்டோ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டுச் சொல்வது வேறு, தானாகப் போய்ச் சொல்வது வேறு. அந்த வித்தியாசம் ஒன்றுதான் அவள் கையில் மிச்சம்.

பஸ் நகரவில்லை.

"எப்பப்பா எடுப்பீங்க?"

"டிரைவர் டீ குடிக்கிறாருக்கா."

"கொதிக்கவெச்சிக் குடிக்கிறாரா?"

"அவசரம்னா நீ ஓட்டுறியா?" என்றான் கண்டக்டர், சிரித்துக்கொண்டே.

கரிக்கலாம்பாக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. நெல் வயலுக்கு நடுவே மனைக்கல் நட்டுக் கொடி கட்டியிருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு அந்தப் பக்கம்தான் எங்கோ பக்கிரி குனிந்து உட்கார்ந்து, வெந்நீர்த் துணியால் ஒத்திக்கொண்டிருக்கிறார். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பஸ் கிளம்பியது. போனை எடுத்துப் பார்த்தாள். எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

பாகூரில் தேசிங்குவின் மனைவி கனகாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். எழுபத்தெட்டு வயசு; குரல் மட்டும் முப்பது.

"வா கண்ணு. நீதான் பங்காரு பொண்ணா? வெயில்ல இப்பிடித்தான் வெறுந்தலையா வருவியா, முக்காடு போட்டுக்கக் கூடாதா? நீ வரேன்னு அரிகரன் சொல்லிட்டுதான் டவுனுக்குப் போயிருக்கான். உக்காரு. காப்பி போடறேன். வேணாம்னு சொல்லாத, சொன்னாலும் போடுவேன்."

இந்தக் குரலை ஜெசிந்தாவுக்குத் தெரியும். நாற்பது வருஷமாகக் கதவிடுக்கிலிருந்து கேட்ட குரல்.

காப்பி வந்தது. எதிர்ச் சுவரில் தேசிங்குவின் போட்டோ. பக்கத்தில் அதைவிடப் பெரிய கண்ணாடிச் சட்டத்தில் மூணு கட்டம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சரமாகக் கதம்பம் போட்டிருந்தது. அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது மூணாவது கட்டத்தின் கோடு தடுமாறியது நன்றாகவே தெரிந்தது. மல்லிகைச் சரத்தைப் பிடித்த கையில் ஒரு விரல் அதிகமாக இருந்தது. பத்து வருஷத்தில் அவளே பார்த்ததில்லை.

"நல்லா கீதா?" என்றாள் கனகாம்பாள். "அத்தப் பாத்து தெனம் ரெண்டு வார்த்தை பேசுவேன்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லு."

"அந்த மூணாவது கட்டம் ஐயா வரைஞ்சதில்ல."

"வேற யாரு வரைஞ்சா? அவரு காய்ச்சல்ல கெடந்தாக்கூட யாரையும் தொட வுடமாட்டாரே."

"நான் வரைஞ்சது. எங்க வூட்டு நோட்டுல அந்தக் கட்டம் மட்டும் இல்ல. வெட்டிட்டாங்க. நானா ஒண்ணு வரைஞ்சி, பழசு மாதிரி ஆக்கி, போட்டுட்டேன். அந்த வார்த்தையும் என்னுதுதான்."

கனகாம்பாள் படத்தைப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவின் கையைப் பார்த்தாள். கையில்தான் ஏதோ எழுதியிருக்கிறது என்பதுபோல.

"எது உன்னுது? பூவா?"

"பூவு, வார்த்தை, எல்லாம்."

"'வந்துடு'ங்கறது?"

"ஆமாம்மா."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்றது. ஜெசிந்தா அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமா வெளக்கேத்திட்டு, சரிதான் போய்யா, மன்னிச்சிட்டேன்னு சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் கனகாம்பாள். "யாருகிட்ட சொல்லிக்கினு இருந்தேன்? உங்கிட்டயா?"

ஜெசிந்தா காப்பி டம்ளரை டீப்பாயில் வைத்தாள்.

"நீ கிறிஸ்துவப் பொண்ணுதானே. கல்லறைக்குப் போயி பூ வெச்சா, உள்ள இருக்கிறது உங்க ஆளுதான்னு தெரிஞ்சிதானே வெக்கிற?"

"ஆமாம்மா."

"எனக்கு அது கூட இல்லாம பண்ணிட்டியே."

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. சத்தம் போடவில்லை. மடியில் இருந்த முந்தானையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"அப்போ அவரு நெஜமா இன்னா வரைஞ்சாரு?"

"தெரியாதும்மா. கரிக்கலாம்பாக்கத்துல ஒருத்தர் வூட்ல, பொட்டிக்கு அடியில விரிச்ச பேப்பர் கிடைச்சிருக்குது. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பறேன்னாரு. அதுக்குள்ள நானே வந்து சொல்லணும்னுதான்."

"அதுல என்னைத் திட்டியிருந்தாரு?"

"தெரியாதும்மா."

"'தொல்லை வுட்டுது'ன்னு எழுதியிருந்தாரு? டீக்கடைக்காரன் கேக்கறானே, சத்தத்தக் காணோமேன்னு. அதுக்கு வேற இன்னா பதில் வரும்? நானா இருந்தா அதத்தான் எழுதுவேன்."

ஜெசிந்தாவும் அதைத்தான் பயந்துகொண்டிருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் மனசில் முதலில் வந்த வசனமும் அதுவேதான்; நன்றாயில்லை என்று விட்டுவிட்டாள். காப்பியில் ஆடை கட்டியது. இரண்டு பேரும் டீப்பாயில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தரம் அது அதிர்ந்தது. இரண்டு பேருக்கும் தூக்கிப்போட்டது. அந்தோணிசாமி. 'சொல்லிட்டியா' என்று கேட்டிருந்தார்.

மறுபடி அதிர்ந்தபோது பக்கிரி.

முதலில் எழுத்து இல்லை, படம் மட்டும். அது திறக்கும் வரைக்கும் வட்டம் சுற்றியது. துருக்கறை படிந்த பேப்பர். பூட்டின கதவு. டீக்கடைக்காரர். மூணாவது கட்டம்.

"படி. எனக்குக் கண்ணு தெரியல" என்றாள் கனகாம்பாள்.

"படிக்க ஒண்ணும் இல்லம்மா."

"கிழிஞ்சிடுச்சா?"

"இல்ல. முழுசா இருக்குது." ஜெசிந்தா போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, விரலால் பெரிதாக்கினாள். "கதவு பூட்டியிருக்குது. பங்காரு வாசப்படியில உக்காந்திருக்கான், மடியில பம்பு. கதவிடுக்குலருந்து எப்பவும்போல பலூன் வருது. பெருசா. கட்டத்துல பாதி பலூன்தான்."

"அதுல?"

"அதுல ஒண்ணுமே எழுதல. காலியா இருக்குது."

"மை அழிஞ்சிருக்கும்."

"இல்லம்மா. பம்புமேல போட்ட சின்னக் கோடுகூடத் தெரியுது. எழுதவே இல்ல. அவன் அத அண்ணாந்து பாத்துனு இருக்கான்."

கனகாம்பாள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே. ரொம்ப நேரம். திரை அணைந்தபோது ஜெசிந்தா கைநீட்டித் தட்டி எழுப்பினாள். அது இரண்டு தடவை நடந்தது.

"பாத்தியா" என்றாள் கடைசியில். "வார்த்தை இல்ல. எப்பிடி வரும்? எல்லாம் என் வாய்லருந்து எடுத்தது. நான் பேசினாதானே அந்த மனுஷன் எழுதறதுக்கு. நான் அந்தாண்ட போனதும் கடைய மூடிட்டாரு." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு. எழுதாம வுட்டா எனக்குத் தெரியுமா? எங்கண்ணன் வூட்ல பேப்பரே வராது. வந்த வூட்ல பொட்டிக்கு அடியில விரிச்சிட்டாங்க பாரு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

"அரிகரனுக்குப் போன் போடு. நீயே சொல்லு. எம் முன்னால சொல்லு."

ஜெசிந்தா போட்டாள். சொன்னாள். இந்தத் தடவை டீத் தண்ணீருக்கு வந்ததும் குரல் உடைந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றான் அரிகரன்.

"பக்கத்துல இருக்காங்க."

"அழுவுறாங்களா?"

கனகாம்பாள் போனைப் பார்த்துச் சொன்னாள். "அழுவல. அட்டையில காலி பலூன போடு. என்னுது. இந்தப் பொண்ணு வரைஞ்சது புஸ்தகத்துல எங்கியும் வரக் கூடாது."

போனை வைத்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள். "ஏறு. அதக் கழட்டு."

ஜெசிந்தா ஏறினாள். கதம்பத்தை முதலில் எடுக்கச் சொன்னாள் கிழவி. பிறகு அது முழுதையும் புருஷன் போட்டோவுக்கே சுற்றிப் போடவைத்தாள். கண்ணாடிச் சட்டம் நினைத்ததைவிடக் கனம். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, நீள்சதுரமாக இருந்தது.

"எடுத்துனு போ. உன் சாமான்."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"இன்னிக்கே கேக்காத. நான் நாப்பது நாள் ஆளு." கனகாம்பாள் டம்ளரை எடுத்து உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. "ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரேன். குடிச்சிட்டுப் போ. கோவம் கோவமா இருக்கட்டும், காப்பி வேற."

கதவிடுக்கிலிருந்துதான் வந்தது அந்தக் குரல்.

பாகூர் பஸ் ஸ்டாண்டில் வெயில் நேரே தலையில் இறங்கியது. ஜெசிந்தா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டத்தை மடியில் நிறுத்திக்கொண்டாள். போனில் சைட்டைத் திறந்து தட்டினாள்: 'எண்பத்திரண்டு நவம்பர் இரண்டு. இத்தனை வருஷமாக இங்கே இருந்த மூணாவது கட்டம் தேசிங்கு வரைந்ததல்ல. நான் வரைந்து, அவர் வரைந்ததாகப் போட்டேன். இது ஜெசிந்தா மேரி எழுதுவது.' பக்கிரியின் படத்தைக் கீழே சேர்த்தாள். கட்டைவிரல் பட்டன்மேல் நின்றது. பங்குச் சாமியார் நினைவுக்கு வந்தார், அந்தப் பனியனில். அழுத்திவிட்டாள்.

வரும்போது இருந்த அதே கண்டக்டர். சட்டத்தைக் குனிந்து பார்த்தான். "அட, நம்ம 'வந்துடு' படம். எங்கூட்டுக்காரி இதத்தான் போன்ல வெச்சிருக்கா. யாருக்கா இத வரைஞ்சது?"

"நான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "வில்லியனூரா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

கரிக்கலாம்பாக்கம் வருவதற்குள் போன் அடித்தது. பக்கிரி. நாலு தடவை மணி அடித்தபிறகுதான் எடுத்தாள்.

"அண்ணே."

"படிச்சேன்" என்றார் பக்கிரி.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கண்ணாடி உடையாமலிருக்க அவள் இரண்டு முழங்காலாலும் சட்டத்தை இறுக்கிக்கொண்டாள்.

"கோடு தடுமாறுதுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா" என்றார் அவர். அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு என்ன சொல்லப்போகிறார் என்று, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் காத்திருந்தாள்.